குடிக்காத நாற்பது நாள்

பிப்ரவரி 22, விபூதிப் புதன்

மெடில்டா சிஸ்டர் இந்த நோட்டைக் கொடுத்தார்கள். எங்கள் அன்பியத்து, அதாவது எங்கள் தெரு ஜெபக் கூட்டத்து, பெண்கள் எல்லாருக்கும் ஆளுக்கு ஒன்று. தவக்காலம் முடியும்வரை நாம் செய்கிற ஒறுத்தல்களை இதில் எழுத வேண்டுமாம். "யாரும் வாங்கிப் பாக்க மாட்டோம், ஆண்டவருக்கும் ஒங்களுக்கும் மட்டும்தான்" என்றார்கள். ஆண்டவருக்கு என் கையெழுத்து புரிந்தால் சரி.

பெயர் செசிலி. வயது முப்பத்தெட்டு. ஊர் தூத்துக்குடி. வீட்டுக்காரர் தொபியாஸ், துறைமுகத்தில் சரக்கு ஏற்றுகிற ஆட்களுக்கு மேஸ்திரி. மகள் இவாஞ்சலின், ஒன்பதாம் வகுப்பு. இவா என்றால்தான் திரும்பிப் பார்ப்பாள்.

இன்று ஒரு புதுமை நடந்தது. நெற்றியில் சாம்பல் பூசியதும் இவர் நேரே பங்குச் சாமியாரிடம் போய், எல்லாரும் கேட்க, "ஈஸ்டர் வரைக்கும் ஒரு சொட்டு தொட மாட்டேன் சாமி" என்றார். சாமி அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். பதினைந்து வருடமாக இதற்காக நான் மெழுகுதிரி ஏற்றாத புனிதர் இல்லை. குடிக்காவிட்டால் இவர் தங்கம். இதை என் அக்காவிடமும் இவாவிடமும் சொல்லிச் சொல்லி எனக்கு நாக்கே தேய்ந்துபோனது.

என் ஒறுத்தல்: நாற்பது நாளும் டீ கிடையாது. வாயை அடக்குவதை அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம்.

பிப்ரவரி 26, ஞாயிறு

ஐந்து நாள் ஆகிவிட்டது. தொடவில்லை. வேலை முடிந்து ஆறு மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிடுகிறார். இந்த வீட்டில் ஆறு மணிக்கு ஓர் ஆண் குரல் கேட்பது பக்கத்து வீட்டுப் பூனைக்கே அதிசயம்.

ஞாயிற்றுக்கிழமை என்பதால் ஆட்டுக்கறிக் குழம்பு. தேங்காயை வறுத்து அம்மியில் அரைத்தேன், மிக்சியில் அந்த மணம் வராது. உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டார். சாப்பிட்டபின் வீட்டைச் சுற்றிப் பார்த்தார். ஃபிரிட்ஜ் மேல் விரலை வைத்து இழுத்து என்னிடம் காட்டினார். பதினைந்து வருடமாக அங்கே தூசு இருந்தது அவருக்குத் தெரியாது. துடைத்தேன்.

சிஸ்டர் எனக்கு ஒரு பொறுப்பு கொடுத்திருக்கிறார்கள். ஈஸ்டர் பீடத் துணிக்கு குரோஷா ஊசியால் பின்னுகிற பார்டர். நாலு மீட்டர் நீளம், திராட்சைக் கொத்து, கோதுமைக் கதிர், மறுபடி திராட்சைக் கொத்து. பள்ளிக்கூடத்தில் மதர்களிடம் அடி வாங்கிக் கற்றது. இப்போது இவாவும் பக்கத்தில் உட்கார்ந்து சங்கிலிப் பின்னல் போடுகிறாள். இழுத்து இழுத்துப் போட்டு நூலைக் கயிறாக்கிவிடுகிறாள்.

மார்ச் 1, புதன்

இடது முழங்கையை அலமாரிக் கதவில் இடித்துக்கொண்டேன். இந்த வீட்டில் எல்லாமே குறுகல்.

மார்ச் 3, வெள்ளி

தவக்காலத்து வெள்ளி. எங்களுக்கு சுத்தபோசனம், கறி கிடையாது. இவர் இந்த வருடம் ஒருசந்தியும் பிடிக்கச் சொல்லிவிட்டார். அதாவது மதியம் ஒரு வேளைதான் சாப்பாடு, அதற்கு முன்னால் பல்லில் பச்சைத் தண்ணீரைத் தவிர எதுவும் படக் கூடாது. முன்பெல்லாம் வெள்ளிக்கிழமை எது, வியாழக்கிழமை எது என்று தெரியாமல் இருந்த மனிதர். இப்போது கேலண்டரைக் கரைத்துக் குடித்திருக்கிறார்.

முருங்கைக்காய் சாம்பார் வைத்தேன். உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு உப்புப் பார்த்தேன். எந்தப் பொம்பளையும் செய்வதுதான், கை தானாகப் போகும். ஒருசந்தி நாளில் உப்புப் பார்க்கலாமா கூடாதா என்று எங்களுக்குள் ஒரு சின்னப் பேச்சு வந்தது. அந்த மும்முரத்தில் கொதிக்கிற கரண்டி என் உள்ளங்கையில் பட்டுவிட்டது. என் கவனக்குறைவுதான். இடது கை. நல்லவேளை, ஊசி பிடிப்பது வலது கை. ஆனால் நூல் ஓடுவது இடது கையில். பார்டர் இன்று ஒரு சாண்கூட ஏறவில்லை.

மார்ச் 5, ஞாயிறு

பூசை முடிந்து வெளியே வருவதற்குள் பத்துப் பேர் இவர் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டார்கள். எங்கள் அன்பியத் தலைவி ரொசிட்டா அக்கா, இரண்டு வீடு தள்ளிக் குடியிருப்பவர், என்னை ஓரமாக இழுத்துக்கொண்டு போனார்.

"ஏட்டி செசிலி, நீ குடுத்து வச்சவட்டி. எங்க வீட்டு மனுசனும் இருக்காரே, ஒரு காப்பிய விடச் சொன்னா ஊரக் கூட்டுதாரு. கையில என்னட்டி கட்டு?"

"சாம்பார் கரண்டிக்கா."

"பாத்துச் செய்யக் கூடாதா? சந்தோசத்துல ஒனக்கு கண்ணு தெரியல."

ஆமாம் என்று சிரித்தேன். நன்றாகவே சிரித்தேன்.

மார்ச் 9, வியாழன்

பார்டர் ஒரு மீட்டர். நெத்திலிக் கருவாடு வறுத்தேன், பீர்க்கங்காய்க் கூட்டு. முதுகு பிடித்துக்கொண்டது. உட்கார்ந்தே பின்னினால் அப்படித்தான்.

மார்ச் 10, வெள்ளி

முதுகு இன்னும் விடவில்லை. சிலுவைப்பாதையில் முழந்தாளிட்டு எழ முடியாமல் இவாவின் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

மார்ச் 14, செவ்வாய்

இன்று நான் ஒரு பாவம் செய்தேன்.

பள்ளி விட்டு வந்த இவா யூனிபாரம்கூட மாற்றாமல் அடுப்படியில் வந்து நின்றாள். நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். "ம்மா, ஒண்ணு கேக்கட்டா?" என்றாள். கேள் என்றேன்.

"சின்னதுல இருந்து நீ சொல்லுவல்லா, அது அப்பா இல்ல, அப்பாவுக்குள்ள இருக்க சாராயம்னு. இப்பத்தான் அப்பா குடிக்கலையே. பெறவு ஏன்?"

பளாரென்று ஓர் அறை விட்டேன். வெங்காயக் கையோடு. அவள் கண்ணில் பட்டு எரிந்து, அவள் தட்டுத்தடுமாறிக் குழாயடிக்குப் போனதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். திரும்பி வந்து மீதி வெங்காயத்தை அவளே நறுக்கினாள். நான்கு விரலும் அவள் கன்னத்தில் பதிந்திருந்தன. இந்த வீட்டில் முகத்தில் அடி வாங்கி எத்தனையோ நாளாகிவிட்டது, அதைத் திரும்பக் கொண்டுவந்தவள் நான்.

அவள் கேட்டதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை. அதனால்தான் அடித்தேன்.

மார்ச் 17, வெள்ளி

பாவசங்கீர்த்தனம் செய்தேன். மகளை அடித்ததைச் சொன்னேன். பிறகு வாய் நிற்கவில்லை, வீட்டில் நடப்பதையும் கொஞ்சம் சொன்னேன். முழுதாக இல்லை, கொஞ்சம்.

சாமி கெட்டவர் இல்லை. வயதானவர், காது கொஞ்சம் மந்தம். "இத்தன வருசத்துக் குடிய ஒரு மனுசன் விடுறது லேசா செசிலி? ஒடம்பு கேக்கும்மா. எரிச்சல் வரத்தான் செய்யும். ஈஸ்டர் வரைக்கும் தாங்கிக்கோ. இப்ப நீ அவனுக்கு ஒத்தாசையா இருக்கணும்" என்றார். பிறகு, எனக்குச் சந்தோசமாக இருக்கும் என்று நினைத்து, ஒரு ரகசியம் சொன்னார். ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழன் பூசையில் பாதம் கழுவ உட்கார வைக்கிற பன்னிரண்டு பேரில் தொபியாசையும் சேர்த்திருக்கிறாராம். இயேசு கால் கழுவிவிட்ட அப்போஸ்தலரில் ஒருவராக.

பாவத்துக்கு அபராதமாக ஐந்து அருள்நிறை மரியே ஜெபம் கொடுத்தார். சொன்னேன்.

மார்ச் 20, திங்கள்

சரி. இந்த நோட்டை ஆண்டவர்தான் படிக்கிறார் என்றால் அவரிடம் போய் அலமாரிக் கதவு, கரண்டி என்று கதைவிட்டு என்ன ஆகப்போகிறது? திருஇருதய ஆண்டவர் படம் அடுப்படிக்கு நேரே மாட்டியிருக்கிறது. எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதானே இருந்தார்.

மார்ச் 1 அன்று என் முழங்கையைக் கதவிடுக்கில் வைத்துக் கதவைச் சாத்தினார். துவைத்த சட்டையில் ஒரு பொத்தான் இல்லை என்பதற்காக. மார்ச் 3 அன்று என் மணிக்கட்டைப் பிடித்து, விரலை விரித்து, சாம்பாரிலிருந்து எடுத்த கரண்டியை உள்ளங்கையில் வைத்து அழுத்தினார். "ருசி பாக்கணும்னா நல்லாப் பாரு" என்றார். குரலை உயர்த்தவே இல்லை. மார்ச் 9 அன்று பெல்ட். இரும்புக் கொக்கி இருக்கிற பக்கம்.

இப்போது எழுதுவதை எழுத எனக்குக் கை கூசுகிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

குடித்த காலத்தில் கண்ட இடத்தில் விழும். பாதி அடி சுவருக்குப் போகும். நான் தள்ளினால் விழுவார், விழுந்த இடத்திலேயே தூங்கிப்போவார். காலையில் என் உதடு வீங்கியிருப்பதைப் பார்த்து அழுவார், காலைப் பிடிப்பார், புரோட்டா வாங்கி வருவார். குடிக்காதபோது முதலில் வாட்சைக் கழற்றி டிவி மேல் வைக்கிறார். பிறகு ஜன்னலைச் சாத்துகிறார். முகத்தைத் தொடுவதே இல்லை. ஜாக்கெட்டும் சேலையும் மறைக்கிற இடமாகப் பார்த்துப் பார்த்து அடிக்கிறார். எங்கே அடித்தால் நடக்க முடியும், எங்கே அடித்தால் நடக்க முடியாது என்று அவருக்குத் தெரிகிறது. முடிந்ததும் வாட்சைக் கட்டிக்கொண்டு மணி பார்க்கிறார். காலையில் அழுவதில்லை. இட்லிக்குச் சட்னி ஏன் தண்ணியாக இருக்கிறது என்று கேட்கிறார்.

பதினைந்து வருடமாக நான் சாராயத்தைச் சபித்தேன். அதுதான் இவ்வளவு நாளும் அவர் கையைத் தடுமாற வைத்து எங்களைக் காப்பாற்றியிருக்கிறது என்று இப்போது தோன்றுகிறது. இப்படி நினைப்பது பாவமா என்று தெரியவில்லை. இதைப் போய் நான் எந்தச் சாமியிடம் கேட்பேன்?

மார்ச் 22, புதன்

பார்டர் இரண்டரை மீட்டர். ரசம், உருளைக்கிழங்குப் பொரியல்.

மார்ச் 26, ஞாயிறு

நேற்று நடந்ததை நேற்று எழுத முடியவில்லை. மூச்சு இழுத்தால் வலித்தது.

நேற்று மங்கள வார்த்தைத் திருநாள், வானதூதர் மாதாவுக்குச் சேதி சொன்ன நாள். ஏழு மணிக்குக் குடும்ப ஜெபமாலை, இப்போதெல்லாம் இவர்தான் சொல்லித் தருகிறார். நான்காம் தேவ இரகசியத்தில், அதாவது ஐந்து சுற்றில் நான்காவதில், இவா கொட்டாவி விட்டாள். அரையாண்டு, முழு ஆண்டு என்று பரீட்சைக்குப் படித்துப் படித்துச் சோர்ந்த பிள்ளை, கொட்டாவி வராமல் என்ன செய்யும்? இவர் ஜெபத்தை நிறுத்தவில்லை. "அருள்நிறைந்த மரியே" என்று சொல்லிக்கொண்டே எழுந்தார், வாட்சைக் கழற்றினார், ஜன்னலைச் சாத்தினார்.  அடுப்படிக்குப் போய் கல்லுப்பு ஜாடியைக் கொண்டுவந்து சிமெண்ட் தரையில் கொட்டினார்.

"இதுல முட்டி போடு. தூக்கம் வராது."

இவா என்னைப் பார்த்தாள். நான் அசையவில்லை. இதையும் எழுதிவைக்கிறேன்: என் மகள் என்னைப் பார்த்தபோது நான் அசையவில்லை. அவள் பாவாடையைத் தூக்கிக்கொண்டு உப்பின் மேல் முழந்தாளிட்டாள். இரண்டு அருள்நிறை மரியே வரை சத்தம் இல்லை. மூன்றாவதில் "ம்மா" என்றாள், மெதுவாக. இவர் அவள் பின்னலைப் பிடித்துக் கீழே அழுத்தினார்.

அப்புறம் நான் என்ன செய்தேன் என்று வரிசையாக ஞாபகம் இல்லை. அவர் கையைக் கடித்தேன். இவாவை இழுத்து அறைக்குள் தள்ளி வெளியே தாழ்ப்பாள் போட்டேன். திரும்புவதற்குள் கீழே கிடந்தேன். என்னை உதைத்தார். வலது காலால், விலாவில், ஒரே இடத்தில், நான்கு தடவை. உள்ளேயிருந்து இவா கதவைத் தட்டிக்கொண்டே இருந்தாள். ஐந்தாம் தேவ இரகசியத்தை அவர் தனியாக முடித்தார்.

இன்று காலை அவரே டாக்டரிடம் கூட்டிப் போனார். விலா எலும்பில் கீறல் விழுந்திருக்கிறது. எப்படி என்று டாக்டர் என்னைக் கேட்டார், இவர் பதில் சொன்னார்.

"மாடிப்படியில வழுக்கிட்டா டாக்டர்."

எங்கள் வீட்டுக்கு மாடியே கிடையாது. டாக்டருக்கு அது தெரியாது. நான் தலையாட்டினேன்.

மார்ச் 31, வெள்ளி

பார்டரை முடித்து கான்வெண்டுக்குக் கொண்டுபோனேன். மெடில்டா சிஸ்டர் துணியை மேசையில் விரித்தார்கள், நானும் அவர்களும் ஆளுக்கு ஒரு முனையிலிருந்து பார்டரைத் தைத்துக்கொண்டு வந்தோம். நடுவில் கத்தரிக்கோலுக்காகக் கை நீட்டினேன். நீட்ட முடியவில்லை. வாயைத் திறந்து கத்திவிட்டேன்.

சிஸ்டர் ஊசியைக் குத்தி வைத்துவிட்டு எழுந்து கதவைச் சாத்தினார்கள். கதவு சாத்துகிற சத்தத்துக்கு என் உடம்பு நடுங்கியதைப் பார்த்துவிட்டு உடனே மறுபடி திறந்தார்கள்.

"நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். நீயா சொன்னாத்தான். ஒனக்கு எப்ப போன் பேசணுமோ, இங்க வந்து பேசு. பீடத் துணி இஸ்திரி போடப் போறேன்னு சொல்லிட்டு வா. எத்தன நாள் வேணும்னாலும் இஸ்திரி போடலாம்."

சரி சிஸ்டர் என்றேன்.  வீட்டுக்கு வந்து மோர்க்குழம்பு வைத்தேன்.

ஏப்ரல் 2, குருத்து ஞாயிறு

பன்னிரண்டு அப்போஸ்தலர்களின் பெயரைப் பீடத்தில் வாசித்தார்கள். இவர் பெயர் மூன்றாவது. பங்கே திரும்பிப் பார்த்தது. வீட்டுக்கு வந்ததும் வெள்ளைச் சட்டையை எடுத்து, கஞ்சி போட்டு இஸ்திரி செய்யச் சொன்னார். கால் நகங்களை வெட்டிக்கொண்டார். புனித வாரம் முழுக்க லீவு போட்டிருக்கிறார். வாசலுக்குப் போனாலும் எங்கே என்று கேட்கிறார்.

ஏப்ரல் 3, திங்கள்

இவா குளிக்கப் போயிருந்தபோது அவள் பள்ளிப் பையைத் துவைக்க எடுத்தேன். அடியில் ஜியாமெட்ரி பாக்ஸுக்குக் கீழே துண்டில் சுற்றி என் மீன் வெட்டுகிற கத்தி. இரண்டு நாளாக அதைத் தேடிக்கொண்டிருந்தேன், ரொசிட்டா அக்கா வாங்கிப் போயிருப்பார் என்று திட்டிக்கொண்டும் இருந்தேன்.

இவர் முன்கட்டில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். தலை ஈரத்தோடு வந்த இவாவைக் கிணற்றடிக்குக் கூட்டிப் போய்க் காட்டினேன். அவள் பயப்படவில்லை. எனக்குத்தான் பயமாக இருந்தது.

"அடுத்த தடவ அப்பா வாட்ச கழட்டினா நான் குத்திருவேன்."

"ஏட்டி, வாய மூடு."

"எங்க குத்தணும்னு பயாலஜி புக்ல பாத்துட்டேன்ம்மா. நீ அன்னைக்கு கீழ கெடந்து எந்திரிக்கல. நீ செத்துட்டன்னு நெனச்சேன்."

அவளைப் பிடித்துக்கொண்டேன். பதினான்கு வயது. அந்தக் கை சங்கிலிப் பின்னல் போடுகிற கை. பரீட்சை எழுதுகிற கை. இவள் குத்துவாள், எனக்குத் தெரியும், என் மகள் அல்லவா. பிறகு அவருக்கு அஞ்சலி போஸ்டர் ஒட்டி ஊரே அழும், இவளைக் கொண்டுபோய்ச் சீர்திருத்தப் பள்ளியில் வைப்பார்கள். அவர் செத்தாலும் எங்களை அழித்துவிட்டுத்தான் சாவார். கத்தியைக் கழுவி எடுத்த இடத்தில் வைத்தேன்.

ஏப்ரல் 4, செவ்வாய்

மதியம் சாப்பிட்டுவிட்டு இவர் கூடத்தில் பாய் போட்டுப் படுத்திருந்தார். நான் துவையல் அரைக்க அம்மிக் குழவியைக் கழுவிக் கையில் வைத்திருந்தேன். அப்படியே நடந்து அவர் தலைமாட்டில் போய் நின்றேன். வாயைத் திறந்துகொண்டு தூங்கினார். குழவி நல்ல கனம். விலா வலியோடு அதை என்னால் தூக்க முடிந்தது, அது எனக்கே ஆச்சரியம். நெற்றிக்கு நேராகப் பிடித்திருந்தேன். கொஞ்ச நேரம் இல்லை, நெடுநேரம். ஓங்கி ஒரு போடு போட்டால் போதும் என்று கணக்குப் போட்டேன். எனக்கு வெறுப்பு என்றால் அப்படி ஒரு வெறுப்பு. இனித்தது.

அடுப்பில் பால் பொங்கி வழிந்து தீய்கிற வாசனை வந்தது. போய் அடுப்பை நிறுத்தினேன். குழவியைத் திரும்ப அம்மியில் வைத்தேன்.

இந்த வீட்டில் மூன்று பேர் இருக்கிறோம். இன்னும் ஒரு வாரம் இருந்தால் இரண்டு பேர்தான் இருப்போம். யார் அந்த இரண்டு பேர் என்பதுதான் தெரியாது.

ஏப்ரல் 5, புதன்

"பீடத் துணி இஸ்திரி போட சிஸ்டர் கூப்பிடுதாக" என்றேன். அரை மணி நேரம் என்றார்.

சிஸ்டரின் போனில் திருச்சிக்குப் பேசினேன். என் அக்கா பெர்த்தா அங்கே நர்ஸ். பதினைந்து வருடமாக "அவுக நல்லவுகதான், குடிதான்" என்று நான் சொன்னதை எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தவள். இன்று "அக்கா, அவுக குடிக்கலக்கா" என்றேன்.  அவளுக்குப் புரிந்துவிட்டது.

"வா. பிள்ளைய கூட்டிட்டு வா. துணிமணி ஒண்ணும் எடுக்காத, பையப் பாத்தா கண்டுபிடிச்சிருவான்."

எப்போது போவது? ஒரு நிமிடம் கண்ணை எடுக்காத மனிதர். கோவிலுக்குப் போனாலும் பக்கத்திலேயே நிற்கிறார். சிஸ்டரிடம் அதைத்தான் சொல்லி அழுதேன். சிஸ்டர் மேசையிலிருந்த பெரிய வியாழன் பூசைத் தாளை எடுத்துப் பார்த்தார்கள். பிரசங்கம் முடிந்ததும் பாதம் கழுவுதல். பன்னிரண்டு பேரும் பீடத்துக்கு முன்னால் நாற்காலியில், மக்களைப் பார்த்து.

"செசிலி, பங்கு முழுக்கப் பாத்துக்கிட்டு இருக்கும்போது, சாமி கையில காலக் குடுத்துட்டு, ஒரு மனுசன் எந்திரிச்சு வர முடியுமா?"

 தெற்கு வாசலில் ஆட்டோ நிற்கும் என்றார்கள்.

வந்து அவருடைய சட்டைக்கு இஸ்திரி போட்டேன். காலர் மடங்காமல் நன்றாகப் போட்டேன்.

ஏப்ரல் 7, பெரிய வெள்ளி, திருச்சி

நேற்று மாலை ஆறரைப் பூசை. அவர் என்னையும் இவாவையும் பெண்கள் பக்கம் இரண்டாம் வரிசையில் உட்கார வைத்துவிட்டுப் போனார், தன் கண்ணுக்குப் படுகிற இடத்தில். நான் கட்டியிருந்த சேலை, இவாவின் சுடிதார், என் கைப்பையில் இந்த நோட்டும் எங்கள் இருவரின் ஆதாரும். வேறொன்றும் இல்லை.

பிரசங்கம் முடிந்தது. பன்னிரண்டு பேரும் வலது செருப்பைக் கழற்றினார்கள். சாமி இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு தாம்பாளத்தோடு வந்தார். முதல் ஆள். இரண்டாம் ஆள். மூன்றாவதாக அவர் காலைப் பிடித்தார், தண்ணீர் ஊற்றினார். நான் இவாவின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன்.

அவர் பார்த்துவிட்டார். முகம் மாறியது. என்னை நோக்கிக் கண்ணை உருட்டினார், உட்கார் என்று. பதினைந்து வருடமாக அந்தப் பார்வைக்கு உட்கார்ந்த முழங்கால் நேற்றும் ஒரு தடவை மடங்கத்தான் பார்த்தது. இவா இழுத்தாள். நடந்தோம். அவர் பாதி எழுந்தார். சாமி, பாவம், இவர் கூச்சப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டு காலை இறுக்கிப் பிடித்து, குனிந்து முத்தமிட்டார். கோவிலே உருகிப்போய் "ச்சு" என்றது. அவர் உட்கார்ந்தார்.

தெற்கு வாசலில் ரொசிட்டா அக்கா காணிக்கைப் பையோடு நின்றுகொண்டிருந்தார்.

"எங்கட்டி போற? ஒனக்க வீட்டுக்காரருக்குக் கால் கழுவுதாக, இருந்து பாத்துட்டுப் போயேன்."

"அந்தக் கால நான் நல்லாப் பாத்துட்டேன்க்கா" என்று சொல்லி, முந்தானையை விலக்கி, ஜாக்கெட்டை மேலே ஏற்றி விலாவைக் காட்டினேன். கறுத்து மஞ்சளாகிக் கிடந்தது. கோவிலுக்குள் அப்படிச் செய்ய எனக்கு வெட்கமாகவே இல்லை.

ரொசிட்டா அக்கா பார்த்தார். என் கையைப் பார்த்தார், கரண்டித் தழும்பை. வாய் கோணிப்போனது. "மாதாவே" என்றார். பிறகு நாங்கள் வெளியே வந்ததும் அந்தக் கதவை உட்புறமாக இழுத்துச் சாத்தி, அதில் தன் பெரிய உடம்பைச் சாய்த்துக்கொண்டு நின்றார். ஆட்டோ திரும்பும்வரை கதவு திறக்கவில்லை.

ஏப்ரல் 8, பெரிய சனி

காலையில் பெர்த்தாவின் போனுக்கு அவர் அழைத்தார். நான்தான் எடுத்தேன். கத்துவார் என்று நினைத்தேன். அழுதார்.

"செசிலி, சத்தியமாச் சொல்லுதேன். நாப்பது நாள் முடிஞ்சுபோச்சு, ஒரு சொட்டு தொடல. ஊரே பாராட்டுது. நான் என்ன தப்பு பண்ணிட்டேன்னு இப்படி என்னய நாறடிச்சிட்டுப் போன?"

எனக்குப் பதில் இருந்தது. ஆனால் அதை அவரிடம் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை என்று வைத்துவிட்டேன். சொல்ல வேண்டிய இடத்துக்குப் பெர்த்தா கூட்டிப் போனாள்.

மகளிர் காவல் நிலையத்தில் என் வயதுப் பெண் போலீஸ் ஒருவர் மேசையில் இருந்தார். நன்றாகத்தான் பேசினார், இவாவுக்குத் தண்ணீர் கொடுத்தார். நான் சொல்லச் சொல்ல எழுதினார். இந்த நோட்டையும் வாங்கித் தேதிகளைப் பார்த்துக்கொண்டார். முடிந்ததும் வாசித்துக் காட்டினார்: "மேற்படி என் கணவர் தினமும் குடித்துவிட்டு வந்து..."

"நிறுத்துங்க மேடம்" என்றேன்.

"ஏன்?"

"குடிச்சிட்டுன்னு நான் சொல்லலையே."

"எல்லாரும் அப்படித்தானம்மா சொல்லுவாங்க. நாங்களும் கையோட எழுதிடுவோம்."

"நானும் பதினஞ்சு வருசமா அப்படித்தான் சொன்னேன். அத எடுத்துருங்க. குடிக்காம, நல்ல தெளிவோட அடிச்சாருன்னு எழுதுங்க."

 அவர் அந்த வரியின் மேல் ஒரு கோடு இழுத்துவிட்டு, ஓரத்தில் நான் சொன்னபடியே எழுதினார். கோடு இழுத்த இடத்தில் ஒரு கையெழுத்து வேண்டும் என்றார். போட்டேன்.